வேலியோரக் கனியும் வீட்டு எலியும்

கேள்வி: லண்டனின் ஹாரோ பகுதியில் வசிக்கிறோம். என் மகள் இரண்டு எலிகளை வளர்க்கிறாள். நடக்கப் போகும் வழியில் வேலிப்புதர்களில் பழுத்திருக்கும் பிளாக்பெர்ரி, எல்டர்பெர்ரி, ரோஸ்ஹிப் (காட்டு ரோஜாவின் கனி) ஆகியவற்றையும், புல்வெளியில் முளைக்கும் டேன்டேலியன் இலைகளையும் பறித்துவந்து அவற்றுக்குக் கொடுக்க ஆசைப்படுகிறாள். கொடுக்கலாமா? வெளியில் திரியும் எலிகள் இவற்றைத்தானே தின்கின்றன?
- ஒரு வாசகி, ஹாரோ

பதில்: எல்டர்பெர்ரியைத் தவிர மற்றவற்றைக் கொடுக்கலாம்; ஆனால் தங்களுடைய கடைசிக் கேள்வியில் உள்ள நம்பிக்கையை முதலில் கைவிட வேண்டும். எலியால் வாந்தி எடுக்க முடியாது. ஒவ்வாததைத் தின்ற நாயும் பூனையும் கக்கிவிடும். எலிக்கு அந்த வழியில்லை. அதனால்தான் வெளியில் வாழும் எலி, புதிய உணவைக் கண்டால் சிறிது கொறித்துப் பார்த்து, உடல் ஏற்கிறதா என்று பொறுத்திருந்து, பிறகே வயிறாரத் தின்கிறது. நம் கையிலிருந்து வாங்கித் தின்று பழகிய வீட்டு எலியிடம் அந்த எச்சரிக்கையை எதிர்பார்க்க முடியாது. ஏறக்குறைய அரைக் கிலோவே எடையுள்ள உடலுக்குச் சிறிதளவு நஞ்சும் அதிகம் என்பதால், பெயர் உறுதியாகத் தெரியாத எதையும் பறிக்க வேண்டாம். காட்டுக் கேரட்டைப் போலத் தோன்றும் ஹெம்லாக் கொடிய நஞ்சு. குடை விரித்தாற்போல் பூக்கும் அந்தக் குடும்பத்தையே மகள் ஒதுக்கிவிடுவது நல்லது.

டேன்டேலியனின் இலை, பூ, வேர் எல்லாம் உணவாகும். சிறுநீரைப் பெருக்கும் தன்மை இருப்பதால் ஒரு வேளைக்கு இரண்டொரு இலை போதும். வேரைத் தோண்டுவதானால் சொந்தத் தோட்டத்தில் தோண்டுங்கள். 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி, நிலத்துக்கு உரியவரின் அனுமதியின்றி காட்டுச்செடியை வேரோடு பிடுங்குவது அங்கே குற்றம். பிளாக்பெர்ரியில் அச்சமில்லை, எலிக்கு ஒன்று தாராளம். ரோஸ்ஹிப்பைப் பிளந்து, விதைகளையும் அவற்றைச் சூழ்ந்த நுண்ணிய உரோமங்களையும் சுரண்டி எடுத்த பிறகே கொடுக்க வேண்டும். அந்த உரோமம் வாயையும் குடலையும் உறுத்தும். வைட்டமின் சி கிடைக்கும் என்று எண்ணிக் கொடுக்க வேண்டியதில்லை, எலியின் உடல் அதைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். எல்டர்பெர்ரியின் இலையிலும் தண்டிலும் பச்சைக் காயிலும் சயனைடை வெளிவிடும் பொருள்கள் உள்ளன. வேகவைத்த பழத்தை மனிதர் உண்பதுண்டு என்றாலும், எலிக்காக அவ்வளவு பாடுபடுவானேன்?

பறிக்கும் இடத்தையும் கவனியுங்கள். சாலையோரமும், களைக்கொல்லி தெளித்த இடமும், நாய்கள் நின்றுபோகும் முனையும் வேண்டாம். பழங்களானால் முழங்காலுக்கு மேலே இருப்பதைப் பறிப்பது நல்லது. எலிக்காய்ச்சலைத் தரும் கிருமி வெளி எலிகளின் சிறுநீர் வழியே பரவி ஈரத்தில் பிழைத்திருக்கும், உலர்ந்தால் மடியும். ஆகவே கீரை ஆய்வதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்து, ஓடும் நீரில் கழுவி, நன்றாக உலர்த்துங்கள். முதல் தடவை ஒரே ஒரு பொருளைச் சிறிதளவு கொடுத்து ஒரு நாள் கவனியுங்கள். வழக்கமான தீனியே பிரதான உணவாக இருக்கட்டும். கிண்ணத்தில் வைக்காமல் கூண்டுக்குள் ஒளித்து வைத்தால் தேடித் தின்னும் சுகமும் கிடைக்கும். எலி தின்றது போக மிச்சத்தைப் பதுக்கும் பிராணி. மறுநாள் காலையில் மூலைகளைத் துழாவி அழுகியதை எடுத்துவிடுங்கள்.

கேள்வி: பூங்காவில் உதிர்ந்து கிடக்கும் கொட்டைகளை எலிக்குக் கொடுக்கலாமா?
- ஒரு வாசகர், பர்மிங்ஹாம்

பதில்: ஹேசல் கொட்டையை ஓட்டோடு கொடுக்கலாம், ஓயாமல் வளரும் முன்பற்களுக்கு நல்ல வேலை. கொழுப்பு மிகுதியாதலால் எப்போதாவது ஒன்று. ஓக் மரத்தின் கொட்டையான ஏகார்னில் டானின் என்னும் துவர்ப்புப் பொருள் மிகுதி, தவிர்க்கவும். செஸ்ட்நட்டில்தான் பலர் ஏமாறுகிறார்கள்: உண்ணத்தக்கதன் மேலுறை முழுவதும் ஊசிபோல் நெருங்கிய முட்கள் இருக்கும், கொட்டையின் நுனி கூராக முடியும், நஞ்சுள்ள ஹார்ஸ் செஸ்ட்நட்டின் உறையில் தடித்த முட்கள் தள்ளித்தள்ளி இருக்கும், கொட்டையும் கூர்நுனியின்றி உருண்டிருக்கும்.