பராங் தறியில் ஏறும்போது

அன்புள்ள சார்,
கைத்தறி வடிவமைப்பு படிக்கிறேன். ஜாவாவின் பாத்திக் உருவங்களை டேப்பஸ்ட்ரியாக நெய்யும் ஒரு கலைஞரின் வேலைகளைப் பார்த்தேன். அழகுதான். ஆனால் மெழுகால் வரைய வேண்டியதை ஏன் நெய்ய வேண்டும்? இது வெறும் நகல்தானே?
ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

நகலெடுக்க நினைத்தாலும் தறி விடாது. பாத்திக் என்பது மெழுகால் உருவம் வரைந்து துணிக்குச் சாயம் ஏற்றும் முறை. அதில், சாந்திங் என்ற கருவியின் சின்னச் செம்புக் குழல் வழியே உருகிய மெழுகு ஒழுகும். கை போன போக்கில் கோடு வளையும். டேப்பஸ்ட்ரி என்ற உருவ நெசவில், குறுக்கே ஓடும் ஊடை நூல்தான் நெடுக்கே ஓடும் பாவு நூலை முழுக்க மூடுகிறது. ஒவ்வொரு நிற நூலும் தன் உருவத்தின் விளிம்போடு திரும்பிவிடும். அதனால் வளைவுகூடப் படிப்படியாகத்தான் ஏறும்.

பராங் என்ற பாத்திக் உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சாய்வாக ஓடும் வரிசைகள். ஊடை திரும்பும்போதெல்லாம் ஒரு பாவு இழை தள்ளித் திரும்பினால் சாய்வு தானாக வந்துவிடும். பாவோடு நேராக ஓடும் விளிம்பு என்றால் இரண்டு நிறங்களுக்கு நடுவே பிளவு விழும், அப்புறம் தைக்க வேண்டும். ‘ட்ருந்தும்’ என்ற இன்னொரு உருவம் அவ்வளவு சுலபமாக வசப்படாது. கருத்த துணியில் இறைத்த குட்டி நட்சத்திரப் பூக்கள். ஒவ்வொன்றுக்கும் தனி நூல் வேண்டும். நல்ல நெசவாளி பூவைப் பெரிதாக்குவார், எண்ணிக்கையைக் குறைப்பார். அப்படியும் அது ட்ருந்துமாகத் தெரிய வேண்டும். அது பெரிய வேலை, நான் மிகவும் மதிக்கும் வேலை.

என் கவலை வேறு. ஜாவாவின் யோக்யகார்த்தா, சோலோ நகரங்களின் அரண்மனைகள் பராங்கை அரச குடும்பத்துக்கென்று ஒதுக்கி, மற்றவர்கள் உடுத்தத் தடை போட்டிருந்தன. தம்பதிக்குள் சண்டை வரும் என்று கல்யாணத்தில் பராங்கைத் தவிர்க்கிறவர்கள் இன்றும் உண்டு. ட்ருந்துமோ மணமக்களின் பெற்றோர் உடுத்துவது. இதெல்லாம் தெரியாமல் இரண்டையும் ஒரே சுவர்த் துணியில் கலந்தால் சோலோக்காரர் கண்ணை உறுத்தும்.

இதெல்லாம் தெரிந்து மாற்றியவர் ஒருவர் உண்டு: பாத்திக் கலைஞர் கோ டிக் ஸ்வான். சோலோவில் பிறந்த சீன வம்சாவளிக்காரர். ஜாவானிய இலக்கியம் படித்தவர், நடனம் பயின்றவர். இந்தோனேசிய அதிபர் சுகர்னோ கேட்டுக்கொண்டபடி 1950களில் ‘பாத்திக் இந்தோனேசியா’ உருவாக்கியபோது, அரண்மனை உருவங்களை வைத்துக்கொண்டு ஜாவாவின் வடக்குக் கடற்கரை ஊர்களின் பளிச்சென்ற நிறங்களை அவற்றில் ஏற்றினார். எதை மாற்றலாம், எதில் கை வைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. உங்கள் கலைஞரிடமும் நான் எதிர்பார்ப்பது அந்தப் படிப்பைத்தான்.

அவர் வேலையை மறுபடி பார்க்கக் கிடைத்தால் வளைவுகளைக் கிட்டே போய்ப் பாருங்கள். படிகளை மறைக்கப் பாடுபட்டிருக்கிறாரா, அவற்றையே உருவமாக்கியிருக்கிறாரா என்று எனக்கு எழுதுங்கள்.