முப்பத்தேழு வாக்குகளும் ஒரு துப்பாக்கியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

அயர்லாந்தின் தெற்கு லாங்ஃபோர்டு தொகுதியில் 1917 மே 9 அன்று நடந்த இடைத்தேர்தலைப் பற்றிப் படித்தேன். சிறையில் இருந்த, அயர்லாந்து விடுதலை கேட்ட ஷின் ஃபேன் கட்சியின் வேட்பாளர் ஜோ மெக்கின்னஸ் 37 வாக்கில் வென்றிருக்கிறார். முதலில் தோற்றதாகத்தான் சொன்னார்களாம். தேர்தல் அலுவலரின் தலைக்கு யாரோ துப்பாக்கியை நீட்டிய பிறகே மறு எண்ணிக்கை நடந்ததாம். அப்படியானால் அது திருடிய வெற்றிதானே? அதே தொகுதிக்கு எட்வர்ட் பிளேக் என்ற கனடாக்காரர் எப்படி பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரானார்?

கதிர்

அன்புள்ள கதிர்,

பிளேக்கை முதலில் அனுப்பிவிடுவோம். ஒன்டாரியோவின் முதல்வராகவும் கனடா லிபரல் கட்சித் தலைவராகவும் இருந்தவர். பிரிட்டிஷ் பிரஜையாக இருந்தால் போதும், தொகுதியில் வீடு வாசல் இருக்க வேண்டியதில்லை. 1892இல் வந்தார், 1907 வரை இருந்தார். இதில் மர்மம் ஒன்றும் இல்லை.

துப்பாக்கிதான் என்னை எழுத வைத்தது. இந்தத் தேர்தலைத் தொட்டவர் எல்லாரும் அதையே பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள், நீங்களும் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். வாக்கு எண்ணும் மேஜையை ஒரு தடவையாவது கற்பனையில் பார்த்தீர்களா?

1872ஆம் ஆண்டு வாக்குச்சீட்டுச் சட்டப்படி ஒவ்வொரு சீட்டின் பின்புறமும் ஓர் எண் இருக்கும். அடிக்கட்டையிலும் அதே எண். சாவடி அலுவலர், தன்னிடம் தந்த சீட்டுகளில் பெட்டிக்குள் போனவை எத்தனை, மிஞ்சியவை எத்தனை, கெட்டுப்போனவை எத்தனை என்று கணக்கு எழுதி முத்திரையிட்டு அனுப்புவார். எண்ணும் இடத்தில் பெட்டியைத் திறந்ததும் யாருக்கு எத்தனை என்று பார்ப்பதில்லை. அந்தப் பெட்டியில் மொத்தம் எத்தனை சீட்டு என்பதைத்தான் முதலில் எண்ணிக் குறிப்பார்கள். பிறகு எல்லாப் பெட்டிச் சீட்டுகளையும் ஒன்றாகக் கலப்பார்கள், எந்த ஊர் யாருக்குப் போட்டது என்று தெரியக்கூடாதே. பின்பக்க எண் கண்ணில் படாதபடி சீட்டின் முகம் எப்போதும் மேலே பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் வேட்பாளர்வாரியாகப் பிரித்துக் கட்டுக் கட்டுவது.

ஆக, யார் வென்றார் என்று தெரிவதற்கு முன்பே மொத்தம் எழுதியாகிவிட்டது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதிக் கணக்கு: மெக்கின்னஸ் 1,498, ஐரிஷ் நாடாளுமன்றக் கட்சியின் பேட்ரிக் மெக்கென்னா 1,461. கூட்டினால் 2,959. எண்ணாமல் விட்டுப்போன 50 சீட்டுக் கட்டு ஒன்று அகப்பட்டது என்பதுதான் துப்பாக்கிக் கதையோடு சேர்ந்து வரும் இன்னொரு கதை. அது மெக்கின்னஸின் கட்டு என்றால், அதைச் சேர்க்கும் முன் அவருக்கு 1,448. மெக்கென்னா 13 முன்னிலை. 50இல் 13 போனால் 37, கணக்கு ஒட்டுகிறது. அதே கட்டு தவறி மெக்கென்னாவின் குவியலில் ஏறியிருந்தால் கதையே வேறு. ஒருவருக்கு 50 குறையும், மற்றவருக்கு 50 கூடும், மாறுவது நூறு. அப்போது முதல் எண்ணிக்கையில் மெக்கென்னா 63 முன்னிலையில் இருந்திருக்க வேண்டும், இரண்டு குவியலையும் கூட்டினால் மொத்தமும் சரியாகவே வந்திருக்கும். இந்தத் தவறு மொத்தத்தில் தெரியாது. ஒவ்வொரு கட்டையும் பிரித்து முகம் பார்த்தால்தான் தெரியும். விட்டுப்போன கட்டு அப்படியில்லை. இரு குவியலும் செல்லாதவையும் சேர்ந்து, பெட்டிகளைத் திறந்தபோது எழுதிய மொத்தத்துக்கு 50 குறைகிறது என்று மேஜையில் இருக்கும் வேட்பாளர்களின் எந்த முகவரும் கைவிரலை நீட்டிச் சொல்லலாம். துப்பாக்கி இருந்ததோ இல்லையோ, அது பெட்டிக் கணக்கில் ஐம்பது சீட்டை முளைக்க வைக்காது, ஐயா.

திருட்டு என்ற சொல்லை அவ்வளவு சுலபமாக எடுக்காதீர்கள். யாருக்கு வாக்கே இல்லை என்று கேட்டிருந்தால் உங்களைத் தட்டிக்கொடுத்திருப்பேன். முதல் உலகப் போர் காரணமாக வாக்காளர் பட்டியலை ஆண்டுதோறும் திருத்தும் வேலை நிறுத்தப்பட்டிருந்தது. பட்டியல் பழசு. 1884ஆம் ஆண்டுச் சட்டப்படி வாக்கு முக்கியமாகக் குடும்பத் தலைவனுக்கு. அப்பாவின் பண்ணையில் உழைக்கும் இருபத்தைந்து வயது மகன் கொடி பிடித்து ஊர்வலம் போகலாம், சாவடிக்குள் போக முடியாது. போருக்குப் போனவர்களின் மனைவிமார் லாங்ஃபோர்டு தெருக்களில் ஷின் ஃபேன்காரர்களை விரட்டி விரட்டித் திட்டினார்கள். அவர்களுக்கும் வாக்கு இல்லை. கைதி உடையில் ஒருவன் நிற்க, ‘(சிறையிலிருந்து) வெளியே கொண்டுவர (நாடாளுமன்றத்துக்கு) உள்ளே அனுப்புங்கள்’ என்ற அந்தப் புகழ்பெற்ற சுவரொட்டி, மகனிடம் பேசவில்லை. பட்டியலில் இருந்த அப்பாவிடம் பேசியது. பழைய ஐரிஷ் நாடாளுமன்றக் கட்சிக்குப் பழகிப்போன அந்தக் கைகளில் 1,498 கை மாறியதுதான் சேதி. தேர்தலுக்கு முந்தின நாள், நாடு ஏறக்குறைய விற்கப்பட்டுவிட்டது என்ற பொருளில் டப்ளின் பேராயர் வால்ஷ் அந்தப் பழைய கட்சியைச் சாடி எழுதிய கடிதம் வெளிவந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேடிக்கை என்னவென்றால் மெக்கின்னஸுக்கு நிற்கவே விருப்பமில்லை. இங்கிலாந்தின் லூயிஸ் சிறையில் அவரோடு இருந்த சக கைதிகளில் டி வலேரா கூடாது என்றார், தாமஸ் ஆஷ் நிற்கட்டும் என்றார். வெளியே தேர்தல் வேலை பார்த்த மைக்கேல் காலின்ஸ் மறுப்பைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

1918இல் அயர்லாந்து வாக்காளர் தொகை சுமார் 7 லட்சத்திலிருந்து 19 லட்சத்துக்கு மேலே போனது. அந்த மகன்கள் வந்தார்கள், முப்பது தாண்டிய பெண்களில் பெரும்பாலோர் வந்தார்கள். தெற்கு லாங்ஃபோர்டு என்ற தொகுதி மறைந்து மாவட்டம் முழுக்க ஒன்றானது. மெக்கின்னஸ் 11,122, எதிர்த்து நின்ற ஜே. பி. ஃபாரெல் 4,173. மறு எண்ணிக்கைக்கு அங்கே வேலை இல்லை.

அடுத்த கடிதத்தில் துப்பாக்கியோடு வராதீர்கள். ஆயர் நல்ட்டியின் சுற்றுமடலும் பாதிரிமார் தலையீடும் காரணமாகச் செல்லாமல் போன 1892 தெற்கு மீத் (இன்னொரு அயர்லாந்துத் தொகுதி) தேர்தலின் வழக்கைப் படியுங்கள். படிக்கத் தெரியாதவரின் வாக்கை, இரு தரப்பு முகவர்கள் பார்த்திருக்கச் சாவடி அலுவலரே குறிக்க வேண்டும் என்ற விதி அதில் என்ன பாடுபட்டது என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.