தெருவை மாலையில் மூடப் போகிறீர்களா? முதலில் பைக்குகளுக்கு இடம் பாருங்கள்

கேள்வி: நாகர்கோவில் மீனாட்சிபுரம் பக்கம் எங்கள் கடைத்தெரு. அகலம் 8 மீட்டர். இருபுறமும் பைக்குகள் நின்றுவிட்டால் நடக்க வழியில்லை. மாலை 5 முதல் 9 மணி வரை வண்டிகளுக்குத் தடை கேட்கலாம் என்கிறோம். முனையில் இரும்புத் தூண் நட்டால் போதும் என்கிறார்கள் சிலர். யாரைப் பார்ப்பது, எப்படித் தொடங்குவது?

பதில்: தூணிலிருந்தே தொடங்குவோம், பணம் வீணாவது அங்கேதான். சக்கர நாற்காலி நுழைய இரண்டு தூண்களுக்கு நடுவே குறைந்தது 90 சென்டிமீட்டர் வேண்டும், 1.2 மீட்டர் விட்டால் நல்லது. பைக் ஹேண்டில்பாரின் அகலமோ 70 முதல் 80 சென்டிமீட்டர்தான். நாற்காலி போகிற இடைவெளியில் பைக்கும் போய்விடும். தூண் காரையும் ஆட்டோவையும் தடுக்கும். பைக்கைத் தடுக்க முனையில் ஆள் நிற்க வேண்டும்.

தெருவை வியாபாரிகள் சங்கம் தானாக மூட முடியாது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 115-இன்படி அந்த அதிகாரம் மாநில அரசுக்கும், அரசு அதிகாரமளித்த அலுவலருக்கும் உண்டு. தடை ஒரு மாதத்துக்கு மேற்படாவிட்டால் அரசிதழில் வெளியிட வேண்டியதில்லை, உள்ளூரில் விளம்பரம் செய்தால் போதும் என்கிறது அதே பிரிவு. உங்களுக்கு வாசல் அதுதான். நிரந்தரத் தடை கேட்காமல், ஒரு மாத சோதனை கேட்டு ஆட்சியரிடம் மனு கொடுங்கள். நகல் போக்குவரத்துக் காவலுக்கும் மாநகராட்சி ஆணையருக்கும் போகட்டும்.

மனுவோடு ஒரு கணக்கும் வேண்டும். ஒரு சாதாரண நாள், ஒரு சனிக்கிழமை, இரண்டிலும் மாலை 5 முதல் 8 வரை தெருவின் முனைக்கு ஒருவர் உட்கார்ந்து வண்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தையும் நேரத்தையும் எழுதட்டும். ஒரு முனையில் நுழைந்த எண் ஐந்து நிமிடத்துக்குள் மறு முனையில் வெளியேறினால், அது குறுக்குவழியாகப் போகிற வண்டி, கடைக்கு வந்ததல்ல. பாதிக்கு மேல் அப்படியென்றால் தெருவை மூடுவதால் வியாபாரம் பெரிதாகக் குறையாது. பெரும்பாலும் கடைக்கு வருகிறவர்கள் என்றால் முழுத் தடை வேண்டாம். ஒருவழிப்பாதையும் ஒரு பக்கம் மட்டும் பார்க்கிங்கும் போதும்.

இனி பைக்குகள். உச்ச நேரத்தில் தெருவில் நிற்பவற்றை எண்ணுங்கள். ஒரு பைக்குக்கு 2 மீட்டர் நீளம், 80 சென்டிமீட்டர் அகலம். 60 பைக் வரிசையாக நிற்க 48 மீட்டர் வேண்டும், எடுத்து வெளியே வர வழி தனி. இந்த இடம் 200 மீட்டருக்குள் கிடைக்காவிட்டால் சோதனையைத் தொடங்காதீர்கள். பக்கத்துச் சந்தில் வீட்டு வாசலை அடைத்து நிறுத்துவார்கள். முதல் வாரத்திலேயே எதிர்ப்பு மனு கிளம்பும்.

சரக்கு இறக்குவதைக் காலை 10 மணிக்குள்ளும் இரவு 9-க்குப் பிறகும் வைத்துக்கொள்ளலாம். நடுவே 4 மீட்டர் எப்போதும் காலியாக இருக்க வேண்டும். 108 ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி இரண்டுக்கும் அதுதான் வழி. தெருவில் வண்டிகள் வருவது நின்றதும் கடைக்காரர்கள் ஸ்டாண்டையும் பொம்மையையும் தெருவுக்கு இழுத்து வைப்பார்கள். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான், முன்கூட்டியே சங்கத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். முனையில் வைக்கும் தடுப்பு, சக்கரம் வைத்ததாக இருக்கட்டும். பூட்டு வேண்டாம், அவசரத்தில் சாவி வைத்திருப்பவரைத் தேட வேண்டிவரும்.

நுழையாதே பலகையைத் தெருமுனையில் மட்டும் வைத்தால், வந்த வண்டி அங்கேயே திரும்ப முயன்று ஜங்ஷனே நின்றுவிடும். முந்தைய சந்திப்பிலேயே மாற்றுவழியோடு ஒரு பலகை வேண்டும். பலகையிலுள்ள நேரமும் உத்தரவிலுள்ள நேரமும் ஒன்றாக இருப்பதைச் சரிபாருங்கள். பலகையை மீறி நுழைந்தால் அபராதம் உண்டு. நேரம் மாறியிருந்தால் ஆட்சேபிக்க இடமாகிவிடும்.

சோதனைக்குப் பிப்ரவரி, மார்ச் நல்லது. நவம்பர் கடைசியில் கோட்டார் சவேரியார் திருவிழா, அதையடுத்து கிறிஸ்துமஸ், பொங்கல். அந்த நாட்களின் நெரிசலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஜூனிலும் அக்டோபரிலும் நமக்கு இரண்டு மழை. சோதனையின் மூன்றாவது வாரத்தில் அதே முனைகளில் ஆட்கள் மறுபடியும் உட்காரட்டும், இம்முறை பக்கத்துத் தெருக்களிலும் சேர்த்து. நீட்டிப்புக் கேட்கும்போது அந்தத் தாள்களை இணைத்துக் கொடுங்கள்.