அலுமினியப் பாய்மரத்தில் இறுகிப்போன போல்ட்

பாய்மரத்தின் அடியில் உள்ள 8 மி.மீ. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போல்ட் அசையவே மறுக்கிறது என்றும், ஸ்பேனருக்கு நீளமான குழாய் செருகி இழுக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். போல்ட்டின் தலை முறிந்தால் வேலை இரட்டிப்பாகும்.

தலையைச் சுற்றி நீங்கள் கண்ட வெள்ளைப் பொடி போல்ட்டின் துரு அன்று. உப்புநீர் பட்ட இடத்தில் ஸ்டீலும் அலுமினியமும் ஒட்டியிருந்தால் அலுமினியமே அரிக்கப்படும். அந்த அரிப்புப் பொருள் பருத்து மரைகளுக்கு இடையில் சிமெண்ட் போல இறுகிக்கொள்ளும். எனவே முதலில் ஊடுருவும் எண்ணெயை விட்டு, தலையில் சுத்தியலால் லேசாகத் தட்டி, ஓரிரு நாள், காலையும் மாலையும், இதையே பொறுமையாகச் செய்து வாருங்கள்.

அடுத்தது வெப்பம். ஒரே அளவு சூட்டில் அலுமினியம் ஸ்டீலைவிட அதிகமாக விரியும் என்பதால், எண்ணெயைத் துடைத்துவிட்டு, போல்ட்டைச் சுற்றியுள்ள அலுமினியத்தை ஹீட் கன்னால் சூடாக்குங்கள். நெருப்புச் சுடர் வேண்டாம். சூடு மிஞ்சினால் அலுமினியம் வலுவிழக்கும். பிறகு கழற்றும் திசையில் மட்டும் திருகாமல், சற்று இறுக்கியும் தளர்த்தியும் பாருங்கள். முதல் அசைவின்போது 'கிறீச்' என்ற ஒலி கேட்டால் நல்ல சகுனம்தான்.

எதற்கும் மசியாவிட்டால், இடப்பக்கம், அதாவது கழற்றும் திசையில், சுழலும் கோபால்ட் டிரில் பிட்டால் போல்ட்டைக் குறைந்த வேகத்தில், நல்ல அழுத்தத்துடன் துளையிடுங்கள். வேகமாகச் சுழற்றினால் ஸ்டீல் மேலும் கடினமாகிவிடும். புதிய போல்ட்டை மாட்டும்போது மரைகளில் டெஃப்-ஜெல் என்ற அரிப்புத் தடுப்புப் பசையைத் தடவ மறக்காதீர்கள்.