குழுவை நியமிக்கும் குழு

அன்புள்ள ஆசிரியருக்கு,

உயர்கல்வி பற்றிய உங்கள் கட்டுரையில், கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பாடத்திட்டமும் பதவி உயர்வும் பெருமளவு பேராசிரியர்கள் கையில் இருக்கின்றன என்று ஒரே வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். நான் இங்கே ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில், பாடங்களை அனுமதிக்கும் அவையான அகாடமிக் கவுன்சிலில் ஆசிரியர் பிரதிநிதி. பாடத்திட்டக் குழுவிலும் இருக்கிறேன். கூட்டம் தொடங்கும்போதுதான் தலையணை கனத்துக்கு அஜெண்டா மேசைக்கு வருகிறது. போன கூட்டத்து மினிட்ஸ், அதாவது நடவடிக்கைக் குறிப்பு, உறுதி செய்யப்படும். ‘ஐட்டம் ஒன்று முதல் நாற்பது வரை ஏற்கப்பட்டது’ என்பார்கள். பிறகு சாப்பாடு. குழுக்களுக்கு இங்கே பஞ்சமே இல்லை. அங்கேயும் குழுதானே? அமெரிக்காவில் இருப்பதாலேயே ஒரு கமிட்டி வேலை செய்துவிடுமா? எங்களைப் போன்றவர்கள் இப்போதைக்கு என்னதான் செய்ய முடியும்? பெயர் வேண்டாம்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அங்கேயும் குழுதான். சலிப்பான கூட்டங்கள், வராத உறுப்பினர்கள், யாரும் படிக்காத அறிக்கைகள் எல்லாம் அங்கும் உண்டு. கமிட்டியில் யார் உட்கார வேண்டும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று பாருங்கள். வித்தியாசம் அங்கே தொடங்குகிறது. அஜெண்டாவையும் மினிட்ஸையும் யார் எழுதுகிறார்கள் என்பது அடுத்தது. வாக்குரிமை இந்த இரண்டுக்கும் பிறகுதான்.

கலிஃபோர்னியாவில் அகாடமிக் செனட் என்பது பேராசிரியர்களின் அவை. நம்மூர் செனட்டைப் போலப் பட்டதாரிகளும் சட்டமன்ற உறுப்பினர்களும் அமரும் பேரவை என்று நினைத்துவிடாதீர்கள். 1868இல் பல்கலைக்கழகத்தை உருவாக்கிய சட்டத்திலேயே செனட் இருந்தது. ஆனால் ஐம்பது ஆண்டுகள் அது பெயருக்குத்தான் இருந்தது. 1899 முதல் 1919 வரை பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்த பெஞ்சமின் ஐட் வீலர் எல்லா முடிவுகளையும் தன் கையில் வைத்திருந்தார். செனட் கூடியது, கமிட்டிகளும் இருந்தன, கமிட்டிகளை நியமித்தவர் தலைவர். உங்கள் கடிதத்தில் இருப்பது கிட்டத்தட்ட அதே நிலைமை.

வீலர் ஓய்வு பெற்றதும் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகப் பேராசிரியர்கள் ரீஜென்ட்ஸ் எனப்படும் மேல்மட்ட ஆட்சிமன்றத்திடம் கோரிக்கையோடு போனார்கள். 1920 ஜூனில் ரீஜென்ட்ஸ் புதிய விதிகளை ஏற்றது. செனட் தன் அமைப்பைத் தானே வகுத்துக்கொள்ளலாம், தன் கமிட்டிகளைத் தானே தேர்ந்தெடுக்கலாம். பாடங்களை அனுமதிப்பதும் மேற்பார்வையிடுவதும் அதன் பொறுப்பு. நியமனம், பதவி உயர்வு, பணிநீக்கம் ஆகியவற்றில் தலைவர் செனட்டைக் கலந்தாலோசிக்க வேண்டும். நாம் பொதுவாக ‘பாடங்களை அனுமதிக்கும் அதிகாரம்’ என்ற இடத்தில்தான் அடிக்கோடிடுவோம். அந்த அதிகாரம் நம் அகாடமிக் கவுன்சிலுக்கும் ஏட்டில் இருக்கிறது. ‘தன் கமிட்டிகளைத் தானே தேர்ந்தெடுக்கலாம்’ என்ற பகுதியில்தான் உயிர் இருக்கிறது.

நடைமுறையில் இது எப்படி இயங்குகிறது? பெர்க்லியில் ‘கமிட்டி ஆன் கமிட்டீஸ்’ என்று ஒன்று உண்டு. பேராசிரியர்கள் வாக்களித்து இதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். பாடங்களுக்கான கமிட்டி, கல்விக் கொள்கைக் கமிட்டி, முதுநிலைப் படிப்புகளுக்கான கவுன்சில், ஆசிரியர் உரிமைகளுக்கான கமிட்டி என எல்லாவற்றுக்கும் உறுப்பினர்களையும் தலைவர்களையும் இதுதான் நியமிக்கிறது. வளாகத்தின் தலைவரான சான்சலர் இதில் கைவைக்க முடியாது. அவர் நம் துணைவேந்தருக்குச் சமமானவர் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள். டீன் போன்ற நிர்வாகப் பதவிகளில் இருப்பவர்களைப் பொதுவாக இந்தக் கமிட்டிகளில் வாக்குள்ள உறுப்பினர்களாகப் போடுவதில்லை. ஒரே துறை ஆட்கள் ஒரு கமிட்டியில் குவியாமலும் பார்த்துக்கொள்வார்கள்.

செனட்டுக்குத் தனி அலுவலகமும் தனி ஊழியர்களும் உண்டு. அஜெண்டா அங்கே தயாராகிறது, மினிட்ஸும் அங்கேதான். நம்மிடம் பதிவாளர்தான் இந்த அவைகளின் செயலாளர். யாருடைய முடிவுகளைக் கேள்வி கேட்கவேண்டுமோ அவருடைய அலுவலகமே கேள்வியையும் பதிலையும் எழுதிவைக்கிறது. பதிவாளர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் இந்த அமைப்பில் கோளாறு இருக்கிறது.

ஒரு புதிய பாடம் அனுமதி பெறும் வழியைப் பார்த்தால் விவரம் புரியும். முதலில் துறைக்குள் ஒப்புதல். பிறகு முன்மொழிவு வளாகக் கமிட்டிக்குப் போகும். வாரவாரியான பாடத்திட்டம், முன்தகுதி, மதிப்பீட்டு முறை, யூனிட் எண்ணிக்கை எல்லாம் அதில் இருக்கவேண்டும். செனட் விதிப்படி ஒரு யூனிட் என்றால் மாணவர் வாரத்துக்கு மூன்று மணி நேரம் உழைக்கவேண்டும். அப்படியானால் நான்கு யூனிட் பாடத்துக்கு வாரம் பன்னிரண்டு மணி நேரம். வகுப்பு மூன்று மணி, கலந்துரையாடல் ஒரு மணி என்றால் மீதி எட்டு மணி நேரத்தில் மாணவர் என்ன படிப்பார், என்ன எழுதுவார் என்று கணக்குக் காட்டவேண்டும். கணக்கு உதைத்தால் முன்மொழிவு திரும்பிவரும். இன்னொரு துறையின் பாடத்தோடு உரசுகிறதென்றால் அந்தத் துறையைக் கேட்டீர்களா என்பார்கள். இளநிலை, முதுநிலை மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர்கிறார்கள் என்றால் முதுநிலைக்குக் கூடுதலாக என்ன வேலை என்பார்கள். பெரிய தத்துவ விவாதம் எதுவும் அங்கே நடப்பதில்லை. இம்மாதிரி சின்னக் கேள்விகளை விடாமல் கேட்பதுதான் கமிட்டியின் வேலை.

பதவி உயர்வில் இன்னும் கறார். உதவிப் பேராசிரியராக எட்டு ஆண்டுகளுக்கு மேல் தொடரமுடியாது. அதற்குள் நிரந்தரப் பதவி கிடைக்கவேண்டும், இல்லையேல் வெளியேறவேண்டும். ஒருவரின் கோப்பில் வெளியாட்களின் மதிப்பீட்டுக் கடிதங்கள் சேரும். துறையில் யார் வாக்களிக்கலாம் என்பதை செனட்டின் 55ஆம் துணைவிதி சொல்கிறது. இணைப் பேராசிரியர் பதவிக்கு இணைப் பேராசிரியர்களும் பேராசிரியர்களும் வாக்களிப்பார்கள், பேராசிரியர் பதவிக்குப் பேராசிரியர்கள் மட்டும். ஒரே ஒருவர் ரகசிய வாக்கெடுப்பு கேட்டாலும் மறுக்கக்கூடாது. துறைத்தலைவர் அனுப்பும் கடிதத்தில் ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்பதோடு எதிர்த்தவர்களின் காரணமும் இருக்கவேண்டும். வெறும் பாராட்டுப் பத்திரமாக வரும் கடிதத்தை மேலே இருப்பவர்கள் நம்புவதில்லை. ஆய்வு வழிகாட்டியும் கூட்டாக எழுதியவர்களும் தந்த மதிப்பீடுகளுக்கும் அங்கே எடை குறைவு. சம்பந்தப்பட்டவர் எழுதியவரின் அடையாளம் நீக்கப்பட்ட கடிதப் பிரதிகளைக் கேட்டு வாங்கிப் பதில் எழுதலாம்.

பிறகு டீனின் பரிந்துரை, அதன்பின் செனட் நியமித்த பேராசிரியர் கமிட்டி. பெர்க்லியில் அதற்கு ‘பட்ஜெட் கமிட்டி’ என்று பெயர். பட்ஜெட்டைவிட ஆட்களின் கோப்புகளைத்தான் அது அதிகம் பார்க்கிறது. இறுதி முடிவு சான்சலருடையது, கமிட்டியுடையது ஆலோசனை மட்டுமே. ஆனாலும் பதவி உயர்வில் அந்த ஆலோசனைக்கு மாறாக முடிவெடுக்க நினைத்தால் காரணத்தை முன்கூட்டியே தெரிவித்துக் கூடுதல் தகவல் கேட்கவேண்டும் என்று விதி இருக்கிறது. காரணம் எழுதவேண்டும் என்ற கட்டாயம் வந்ததுமே பாதி முறைகேடுகள் நின்றுவிடும்.

இதையெல்லாம் சொர்க்கம் என்று சொல்லவரவில்லை. கொடுத்த அதிகாரத்துக்கு மேலே ஒரு கூரை இருக்கிறது. ரீஜென்ட்ஸில் வாக்குள்ள 26 பேரில் 18 பேரை மாநில ஆளுநர் 12 ஆண்டுக் காலத்துக்கு நியமிக்கிறார். செனட்டின் தலைவரும் துணைத்தலைவரும் அங்கே அமரலாம், பேசலாம், வாக்கு இல்லை. 1949இல் கம்யூனிச எதிர்ப்பு உறுதிமொழியை எல்லா ஆசிரியர்களும் கையெழுத்திட வேண்டும் என்றபோது மறுத்தவர்களைச் செனட் கமிட்டி தனித்தனியே விசாரித்துப் பலரைப் பணியில் வைத்திருக்கலாம் என்று பரிந்துரைத்தது. 1950 ஆகஸ்டில் ரீஜென்ட்ஸ் 12க்கு 10 என்ற வாக்கில் 31 பேரை நீக்கியது. பல்கலைக்கழகம் தனியாக விதித்த அந்த உறுதிமொழி செல்லாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1952இல் சொல்லும்வரை காத்திருக்கவேண்டியிருந்தது. அண்மைக்கு வந்தால் 2020. சேர்க்கைக்கு எஸ்ஏடி என்ற பொது நுழைவுத் தேர்வை இப்போதைக்கு வைத்திருக்கலாம் என்று செனட்டின் பணிக்குழு ஆய்ந்து சொன்னது. செனட் பேரவை 51–0 என்று அதை ஆதரித்தது. அடுத்த மாதமே ரீஜென்ட்ஸ் ஒருமனதாக அந்தத் தேர்வைக் கைவிடத் தீர்மானித்தது. சேர்க்கை விதிகளை வகுப்பது செனட்தான், ஆனால் ‘ரீஜென்ட்ஸ் ஒப்புதலுக்கு உட்பட்டு’. இந்த மூன்று சொற்களின் கனம் அன்று தெரிந்தது.

உள்ளுக்குள்ளும் குறைகள் உண்டு. இளநிலை வகுப்புகளில் கணிசமான பங்கை நடத்தும் ஒப்பந்த விரிவுரையாளர்கள் செனட்டில் உறுப்பினர்கள் அல்லர். அவர்களுக்குத் தொழிற்சங்கம்தான். சுயாட்சி என்று பேசும்போது யாருடைய சுயாட்சி என்று அவர்கள் கேட்டால் பதில் கடினம். எல்லாக் கமிட்டியிலும் பெண்களும் சிறுபான்மையினரும் இருக்கவேண்டும் என்ற நல்ல எண்ணம், ஏற்கெனவே எண்ணிக்கையில் குறைவாக இருக்கும் அவர்கள் தலையிலேயே வேலையைக் குவிக்கிறது. புதிய முதுநிலைப் பட்டம் ஒன்று வளாகத்தைத் தாண்டி எல்லா வளாகங்களுக்குமான கமிட்டிக்குப் போய்த் திரும்ப ஓராண்டுக்கு மேலாகலாம்.

இனி உங்கள் கடைசிக் கேள்வி. நியமன அதிகாரத்தை மாற்றச் சட்டத்திருத்தம் வேண்டும், அது உங்கள் கையில் இல்லை. ஆனால் தன்னாட்சிக் கல்லூரிகளைப் பாருங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் விதிகள்படி அங்கே துறையின் ஆசிரியர்கள் பாடத்திட்டக் குழுவில் இருக்கிறார்கள், துறைத்தலைவர்தான் தலைவர். வெளி நிபுணர்களில் இருவரைக் கல்லூரியின் அகாடமிக் கவுன்சில் நியமிக்கிறது. ஒருவரை, முதல்வர் அனுப்பும் ஆறு பேர் பட்டியலிலிருந்து துணைவேந்தர் தேர்வு செய்கிறார். அந்த ஆறு பெயரைத் துறைதானே எழுதித் தருகிறது? அதில் ஆறும் நண்பர்களாக இருந்தால் குற்றம் துணைவேந்தருடையதா? ஏட்டில் இருக்கும் சுயாட்சியைக்கூட நாம் முழுதாக எடுத்துக்கொள்வதில்லை.

உங்கள் கூட்டத்துக்கு வருவோம். மேசையில் வந்து விழும் அஜெண்டாவில் கருத்துக் கேட்பது தாலி கட்டிய பிறகு ஜாதகம் பார்ப்பது போன்றது. பல்கலைக்கழகச் சட்டத்தையும் அதன் விதித்தொகுப்பான ஸ்டாட்யூட்டையும் எடுத்து, கூட்ட அறிவிப்புக்கு எத்தனை நாள், கோரம் (கூட்டம் செல்லக் குறைந்தபட்சம் வரவேண்டிய உறுப்பினர் எண்ணிக்கை) எவ்வளவு, உறுப்பினர் பொருள் கொடுக்கக் கடைசி நாள் எது என்ற மூன்றை மட்டும் தேடுங்கள். அதை மேற்கோள் காட்டிப் பதிவாளருக்கு எழுதுங்கள், வாய்மொழியாகச் சொல்லவேண்டாம். பழைய மினிட்ஸ் கிடைக்கவில்லை என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4(1)(பி) பிரிவு இருக்கிறது. குழுக்களின் பட்டியலையும் அவற்றின் மினிட்ஸ் பொதுமக்களுக்குக் கிடைக்குமா என்பதையும் நிறுவனம் தானாகவே வெளியிடவேண்டும்.

நாற்பது ஐட்டத்தில் முப்பத்தைந்து வெறும் சம்பிரதாயம். அவற்றோடு மல்லுக்கட்டினால் சக உறுப்பினர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். மிச்சம் ஐந்தை முன்கூட்டியே குறித்து, ‘இவற்றைத் தனியாக எடுக்கவும்’ என்று தலைவருக்கு எழுதிக் கொடுங்கள். உங்களைப் போல் இன்னும் இருவர் கையெழுத்திட்டால் தட்டிக்கழிப்பது கஷ்டம்.

பாடத்திட்டத்தில் மணிக்கணக்கைப் பிடியுங்கள். பருவத்துக்குத் தொண்ணூறு வேலைநாள், ஆறு நாள் சுழற்சியில் பதினைந்து வாரம். வாரம் ஆறு மணி நேரப் பாடம் என்றால் தொண்ணூறு மணி. நம் பாடத்திட்டத்தில் யூனிட் என்பது பாடப்பகுதி; ஐந்து யூனிட்டுக்குப் பிரித்தால் தலைக்குப் பதினெட்டு. இதில் இன்டர்னல் தேர்வுகள், மாடல் தேர்வு, விழாக்கள் போக மிஞ்சுவதை வைத்துத்தான் பாடம் நடக்கவேண்டும். பெரும்பாலும் ஐந்தாம் யூனிட்தான் அடிவாங்கும். புதிதாக எதையும் சேர்க்கும்போது எதை எடுக்கிறோம் என்று ஒரு பத்தி கேளுங்கள். பழையது, புதியது, காரணம் என மூன்று நெடுவரிசைகள் கொண்ட ஒரு பக்க அட்டவணை போதும். அது இல்லாத ஐட்டத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளச் சொல்லுங்கள்.

மிக அதிகமாகக் கோட்டைவிடும் இடம் மினிட்ஸ். கூட்டத்தில் நல்ல திருத்தம் ஒன்றைச் சொல்வீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள், மினிட்ஸில் ‘திருத்தங்களுடன் ஏற்கப்பட்டது’ என்று மட்டும் வரும். என்ன திருத்தம் என்று இருக்காது. அச்சில் பழைய பாடத்திட்டமே வந்துவிடும். ஆகவே திருத்தத்தைப் பக்க எண், யூனிட் எண், பழைய வரி, புதிய வரி என்று தாளில் எழுதி அங்கேயே செயலாளரிடம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஒப்புதல் இல்லையென்றால் மாறுபட்ட கருத்தையும் அதேபோல் ஐட்டம் எண்ணோடு இரண்டு வரியில் கொடுங்கள். அடுத்த கூட்டத்தில் முதல் ஐட்டமாக மினிட்ஸ் உறுதிசெய்ய வரும்போது அந்த இரண்டு வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் உறுதி செய்வதற்கு முன்பே எழுந்திருங்கள். உறுதி செய்தபின் பேசினால் தலைவர் ‘அது முடிந்த விஷயம்’ என்பார், விதிப்படி அவர் சொல்வதும் சரியாகத்தான் இருக்கும்.