வேலூர் வெயிலில் ஒயின் ரேக்: எந்தச் சுவர், எந்த மரம், என்ன அளவு?

கேள்வி: ராணிப்பேட்டையில் தோல் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறேன். இத்தாலியிலிருந்து வரும் வாடிக்கையாளர்கள் ஒயின் பாட்டில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். மிலான் கண்காட்சிக்குப் போய்வரும்போது நானும் இரண்டு வாங்கி வருவேன். இப்போது பத்து பாட்டில்வரை சேர்ந்துவிட்டது. மாடி ஹாலில் மேற்குச் சுவர் காலியாக இருக்கிறது. கம்பெனியில் சும்மா கிடக்கும் பேலட் (சரக்கு அடுக்கி வரும் மரத்தட்டு) மரத்தைக் கொண்டுவந்து, 48 பாட்டில் கொள்கிற மாதிரி நானே ஒரு ரேக் செய்யலாம் என்றிருக்கிறேன். மரம், அளவு, பாலிஷ் எல்லாம் சொல்லுங்கள்.

பதில்: ரேக்கை நீங்களே தாராளமாகச் செய்யலாம். ட்ரில், ரம்பம், உளி, மூலைமட்டம் இருந்தால் போதும். ஆனால் அந்தச் சுவர் வேண்டாம், 48 வேண்டாம், பேலட் மரம் வேண்டவே வேண்டாம்.

முதலில் சுவர். ஒயின் நீண்ட நாள் கெடாமல் இருக்க 12 முதல் 14 டிகிரி செல்சியஸ் வேண்டும் என்பார்கள். நம் ஊரில் கத்திரி வெயில் நாட்களில் வெளியே 40 டிகிரியைத் தாண்டுகிறது. மொட்டை மாடிக்கு நேர் கீழே, மதியம் முழுக்க வெயில் குடிக்கும் மேற்குச் சுவரை இரவு பத்து மணிக்குத் தொட்டுப் பாருங்கள், இன்னும் சுடும். அந்தச் சூட்டில் பாட்டிலுக்குள் ஒயின் விரிந்து கார்க்கை வெளியே தள்ளும். குளிர்ந்ததும் சுருங்கி, வந்த வழியாகவே காற்றை உள்ளே இழுக்கும். ஒரு கோடை இப்படிக் கழிந்தால் பழ வாசனை போய், வேகவைத்த திராட்சை போல ஒரு வாடை வந்துவிடும். சூடு மட்டுமல்ல, பகலுக்கும் இரவுக்கும் நடுவே அது ஏறி இறங்குவதும் கெடுதல்.

ரேக் குளிர்ச்சி தராது. அதன் வேலை பாட்டிலைப் படுக்க வைப்பது மட்டும்தான். படுத்திருந்தால் ஒயின் கார்க்கைத் தொட்டுக்கொண்டே இருக்கும், கார்க் காயாது, சுருங்காது. திருகு மூடி போட்ட பாட்டிலுக்கு இந்தக் கவலை இல்லை, அலமாரியில் நிற்க வைத்தாலும் சரிதான். ஆகவே உங்கள் பத்தில் கார்க் போட்டவை எத்தனை என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.

இடம் தேடும்போது கீழ்த்தளத்தில் தேடுங்கள். வீட்டின் வடக்கு அல்லது வடகிழக்குப் பக்கம், வெளிவெயில் படாத உள்சுவர், தரைக்கு அருகில். மாடிப்படிக்கு அடியில் உள்ள இடம் பல வீடுகளில் இதற்குத் தோதாக அமையும், அங்கே இன்வெர்ட்டர் வைக்காமல் இருந்தால். ஃபிரிட்ஜுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அதன் கம்ப்ரஸர் சூடும் தரும், அதிர்வும் தரும். ஆற்காடு, வாலாஜா பக்கம் இருக்கிற மாதிரி செங்கல், சுண்ணாம்பில் கட்டிய மெட்ராஸ் டெரஸ் வீடு உங்களுக்குச் சொந்தத்தில் இருந்தால், அதன் நடு அறையைவிட நல்ல இடம் கிடையாது. இடத்தை முடிவு செய்யும் முன் ஒரு வேலை செய்யுங்கள். பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, அதில் ஒரு தெர்மாமீட்டரைப் போட்டு, நினைத்த இடத்தில் ஒரு வாரம் வையுங்கள். மாலை நான்கு மணிக்கும் விடியற்காலையிலும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு அளவும் அருகருகே இருந்தால் அது நல்ல இடம்.

அப்படித் தேடிப் பிடித்த இடத்திலும் சித்திரை, வைகாசியில் 30 டிகிரிக்குக் கீழே நிற்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அதனால்தான் 48 வேண்டாம் என்கிறேன். ரேக் எவ்வளவு பெரிது என்பதைச் சுவரின் நீளம் தீர்மானிக்கக் கூடாது. கோடையில் எத்தனை பாட்டிலை வேறிடத்தில் காப்பாற்ற முடியும் என்பதுதான் அளவு. பங்குனி பிறந்ததும் நல்ல பாட்டில்களை ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிட்டு, மழை பிடித்துக் காற்று குளிர்ந்த பிறகு ரேக்குக்குக் கொண்டுவரலாம். மூன்று நான்கு மாதம் ஃபிரிட்ஜில் இருப்பதால் ஒன்றும் கெடாது. ஒரு குடும்பத்து ஃபிரிட்ஜில் பத்துப் பன்னிரண்டு பாட்டிலுக்கு மேல் இடம் கேட்டால் வீட்டில் சண்டைதான். ஆகவே 12 பாட்டில் ரேக் செய்யுங்கள். கடையில் கிடைக்கும் பெரும்பாலான ஒயின்கள் இரண்டு மூன்று வருடத்துக்குள் குடிப்பதற்காகவே செய்யப்படுபவை, சேர்த்து வைப்பதால் மேன்மை அடைபவை கொஞ்சம்தான். தவிர, வெளிநாட்டிலிருந்து வருபவர் ஒரு முறைக்கு 2 லிட்டர் மதுதான் வரியில்லாமல் கொண்டுவரலாம். ஒருவர் வீட்டில் எவ்வளவு வைத்திருக்கலாம் என்பதற்கும் தமிழ்நாட்டில் சட்ட வரம்பு உண்டு. மதுவிலக்கு ஆயத்தீர்வை அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

இனி மரம். பேலட்டை நான் இவ்வளவு அழுத்தி மறுப்பதற்கு உங்கள் தொழிலே காரணம். தோல் தொழிற்சாலைக்கு வரும் பேலட்டில் குரோமியம் சல்பேட் மூட்டையோ, சோடியம் சல்பைடோ, ஃபார்மிக் அமில கேனோ ஏறி வந்திருக்கும். கொட்டியதையும் கசிந்ததையும் அந்த மென்மரம் உறிஞ்சி வைத்திருக்கும். மேலே இழைத்துவிட்டால் புது மரமாகத் தெரியும், உள்ளே போனது போகாது. அதை அறுத்து, உப்புத்தாள் போட்டு, அந்தத் தூளை நீங்கள் மூச்சில் இழுக்க வேண்டாம். இயந்திரம் வந்த பேலட்டாக இருந்தால் யோசிக்கலாம். அதிலும் கோதுமைக் கதிர் படம் போட்ட முத்திரையைப் பாருங்கள். ஹெச்டி (HT) என்றிருந்தால் சூடுபடுத்திப் பூச்சி நீக்கிய மரம். எம்பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, வீட்டுக்குள் வேண்டாம்.

என் தேர்வு பழைய தேக்கு. வேலூர், ஆற்காடு, குடியாத்தம் பக்கம் பழைய வீடுகளை இடிக்கும்போது உத்தரம், நிலைக்கால், ஜன்னல் சட்டம் எல்லாம் பழைய மரக்கடைக்கு வந்துவிடும். பல காலம் வெயில், மழை பார்த்து, முறுக்க வேண்டியதெல்லாம் முறுக்கி முடித்த மரம் அது. இனி அதிகம் அசையாது. கரையானும் தேக்கின் வைரத்தை அவ்வளவு சீக்கிரம் தொடாது, வெளிப்புற வெள்ளைப் பகுதியைத்தான் தின்னும். அதனால் வெள்ளை உள்ள துண்டை ஒதுக்குங்கள். வாங்கும்போது கையில் ஒரு காந்தம் கொண்டு போங்கள். மரத்தின் நான்கு பக்கமும் அதை மெதுவாக நகர்த்தினால், தலை முறிந்து உள்ளே புதைந்த ஆணி இருக்கிற இடத்தில் காந்தம் பிடித்து நிற்கும். அந்த இடத்தில் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொள்ளுங்கள். ஆணி எடுக்காத மரத்தை அறுவை மில்லில் கொடுத்தால் ரம்பத்தின் பல் போய்விடும், அவர்களும் அறுக்க மாட்டார்கள்.

தேக்குக்கு அடுத்தபடி நன்றாகக் காய்ந்த வேம்பும் பூவரசும். வேம்பு பச்சையாக இருந்தால் முறுக்கிக்கொள்ளும். காய்ந்ததா என்று தெரிய, ஒரு துண்டை வாரத்துக்கு ஒரு முறை மளிகைத் தராசில் எடை போடுங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் வேலைக்கு எடுக்க வேண்டும். மாமரத்தில் வண்டு துளைக்கும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை ஐப்பசி ஈரத்தில் ஊதிவிடும்.

மொத்தம் தேவைப்படுவது 5 செ.மீ. அகலமும் ஓர் அங்குலக் கனமும் உள்ள ரீப்பர் (நீளமான மரச்சட்டம்), சுமார் 20 அடி. சேதாரம் சேர்த்து 25 அடி வாங்குங்கள், கன அடிக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குதான் வரும்.

வடிவம் எளிமையானது. இரண்டு பக்கச் சட்டங்கள். ஒவ்வொன்றிலும் 55 செ.மீ. உயரக் கால்கள் இரண்டு, அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டம் இரண்டு. இடது சட்டத்துக்கும் வலது சட்டத்துக்கும் நடுவே 44 செ.மீ. இடைவெளி. அதில் நான்கு பாட்டில், 11 செ.மீ.க்கு ஒன்றாக. முன்பக்கம் மூன்று ரீப்பர், பின்பக்கம் மூன்று ரீப்பர், ஒவ்வொன்றும் 54 செ.மீ. நீளம். முன் ரீப்பர் பாட்டிலின் உடம்பைத் தாங்கும், பின் ரீப்பர் கழுத்தைத் தாங்கும். அதாவது பாட்டிலின் அடி உங்களைப் பார்த்து இருக்கும், கழுத்து சுவரைப் பார்த்து. அழகுக்காகப் பலர் கழுத்தை வெளியே வைப்பார்கள். அப்படி வைத்தால் ஒவ்வொரு முறையும் பாட்டிலை மூன்று செ.மீ. தூக்கித்தான் உருவ வேண்டும், அதற்காக அடுக்குகளின் உயரத்தையும் கூட்ட வேண்டும். அடி வெளியே இருந்தால் நேராக இழுத்தாலே வந்துவிடும், அடுக்குக்கு அடுக்கு 12.5 செ.மீ. போதும். எது என்ன ஒயின் என்று தெரிய, கழுத்தில் நூல் கட்டி ஒரு அட்டையை முன்னால் தொங்கவிடுங்கள்.

வளைவு வெட்டுவதில்தான் புதியவர்கள் திணறுவார்கள். சாதாரண 750 மில்லி பாட்டில் ஏறக்குறைய 7.5 செ.மீ. விட்டம். தோள் சரிந்த பர்கண்டி வகையும் நுரை ஒயினும் 9 செ.மீ.வரை போகும். அதனால் மூன்றரை அங்குல ஹோல் சா (ட்ரில்லில் மாட்டும் வட்ட ரம்பம்) வாங்குங்கள். இரண்டு ரீப்பர்களைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, நடுவே 5 செ.மீ. அகலத்தில் ஒரு வீண் கட்டையை வைத்து, மூன்றையும் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள். கட்டையின் நடுக்கோட்டில் 11 செ.மீ.க்கு ஒரு புள்ளி வைத்து, அதில் ஹோல் சாவை இறக்குங்கள். ஒரே துளையில் இரண்டு ரீப்பரிலும் 2 செ.மீ. ஆழ வளைவு விழும், நான்கு துளையில் இரண்டு ரீப்பர் தயார். ட்ரில்லை மெதுவான வேகத்தில் ஓட்டுங்கள், தேக்கு சூடேறிக் கருகும். கழுத்து ரீப்பருக்கும் இதே முறைதான், ஒன்றரை அங்குல ஹோல் சா, நடுக்கட்டை 15 மி.மீ.

பின் ரீப்பரை முன் ரீப்பரைவிட 14 மி.மீ. உயர்த்திப் பொருத்த வேண்டும். உடம்பு பருத்தது, கழுத்து மெலிந்தது என்பதால், ஒரே மட்டத்தில் வைத்தால் கழுத்து தாழ்ந்துவிடும். முன் ரீப்பருக்கும் பின் ரீப்பருக்கும் மையத்துக்கு மையம் 18 செ.மீ. கீழ் ரீப்பர் தரையிலிருந்து 12 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். துடைப்பம் உள்ளே போகும், கரையான் ஏறினாலும் கண்ணில் படும்.

நிறைந்த பாட்டில் ஒன்று 1.2 முதல் 1.6 கிலோ. பன்னிரண்டும் சேர்ந்தால் 14 முதல் 19 கிலோ. அந்தப் பாரத்தை ஸ்க்ரூவின் மேல் ஏற்றாதீர்கள். கால்களில் 1 செ.மீ. ஆழத்துக்குக் காடி (பள்ளம்) எடுத்து, ரீப்பரை அதில் உட்கார வையுங்கள். மரமே மரத்தைத் தாங்கும். ஃபெவிகால் தடவி, முதலில் சிறு துளை போட்டு, அப்புறம் ஸ்க்ரூ. துளை போடாமல் ஏற்றினால் ரீப்பர் நுனி பிளந்துவிடும். கிளாம்ப்பை ஒரு நாள் கழித்து எடுங்கள். குழந்தைகள் உள்ள வீடு என்றால், கழுத்துகள் இடிக்காதபடி ரேக்கைச் சுவரிலிருந்து 8 செ.மீ. தள்ளி நிறுத்தி, ஒரு கட்டை கொடுத்துச் சுவரோடு ஸ்க்ரூ போட்டு நிறுத்துங்கள்.

பாலிஷ் பெரிய விஷயமில்லை. 120, பிறகு 220 உப்புத்தாள். வளைவின் விளிம்பை நன்றாக மழுக்குங்கள், லேபிள் கிழியாது. அதன் மேல் ஆளிவிதை எண்ணெய் இரண்டு பூச்சு. நெடி முழுவதும் போன பிறகு பாட்டில் வையுங்கள்.

எல்லா ரீப்பரையும் ஒரேயடியாக ஒட்டிவிடாதீர்கள். கீழ் அடுக்கை மட்டும் ஸ்க்ரூவில் நிறுத்தி, ஒரு சாதாரண பாட்டிலையும் ஒரு தோள் சரிந்த பாட்டிலையும் வைத்துப் பாருங்கள். சரிந்த தோள் பின் ரீப்பரில் ஏறி பாட்டில் சாய்ந்தால், பின் ரீப்பரை ஒரு செ.மீ. பின்னால் தள்ள வேண்டும். அதற்கு ஏற்ப எல்லாக் குறுக்குச் சட்டங்களையும் அதே அளவு நீளமாக அறுத்துக்கொண்டு, மற்ற இரண்டு அடுக்கையும் பொருத்துங்கள்.