மாஸ்டரைக் கேளுங்கள்: பழம் குழையணும், வெண்ணெய் குழையக் கூடாது

போன இதழில் வாழைப்பழக் கேக்கைப் பற்றி எழுதும்போது, பேச்சோடு பேச்சாகப் பெர்சிமன் பை (தக்காளி போல இருக்கும் பெர்சிமன் பழத்தின் கூழை மாவுத் தட்டில் ஊற்றிச் சுடுகிற பலகாரம்) என்று ஒரு வரி விட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. குன்னூரில் பழம் இறங்குகிற பருவமும் இதுதான். மேட்டுப்பாளையத்தில் என் வீட்டுத் திண்ணையிலேயே இப்போது ஒரு கூடை கனிந்துகொண்டிருக்கிறது. ஆகவே பஃப்ஸ், ரஸ்க் கேள்விகளுக்கு இந்த முறை விடுமுறை.

“குன்னூர் போனபோது சிம்ஸ் பூங்கா பக்கம் ஒரு கிலோ பெர்சிமன் வாங்கி வந்தோமுங்க. தக்காளி மாதிரி நல்ல நிறம். மறுநாளே பை செய்தேன். பெருந்துறையிலிருந்து எங்கள் நங்கையாள் வேறு வந்திருந்தார். ஒரு வாய் வைத்ததும் எல்லோருக்கும் வாய் கட்டிக்கொண்டது. எங்கே தப்பு செய்தேன்?” (வாசகி, கோபிசெட்டிபாளையம்)

அம்மணி, “மறுநாளே” என்று ஒரு சொல் எழுதியிருக்கிறீர்களே, பிசகு அங்கேதான்.

பெர்சிமனில் முக்கியமாக இரண்டு சாதி. தக்காளியை மேலிருந்து அமுக்கியது போலத் தட்டையாக இருப்பது ஒன்று. ஜப்பான்காரர்கள் ஃபுயு என்பார்கள். அதைக் கெட்டியாக இருக்கும்போதே ஆப்பிள் மாதிரி கடித்துத் தின்னலாம். இன்னொன்று அடிப்பக்கம் கூம்பியிருக்கும். ஹச்சியா அந்த வகை. அது குழைகிற வரைக்கும் வாயில் வைக்க முடியாது. கடையில் ஒரே கூடையில் கொட்டி வைத்திருந்தால் விற்கிறவருக்கே பேதம் தெரியாது. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், காயாக இருக்கும்போதே நன்றாகச் சிவந்து ஏமாற்றும்.

வாய் கட்டியது டானின் என்ற துவர்ப்புப் பொருளால். வாழைக்காய் நறுக்கினால் கையில் கறை பிடிக்கிறதே, பிஞ்சுச் சப்போட்டாவைக் கடித்தால் நாக்கு இழுக்கிறதே, அதே சங்கதி. காயில் டானின் சாற்றோடு கரைந்து கிடக்கும். எச்சிலில் இருக்கும் புரதத்தோடு போய் ஒட்டிக்கொண்டு வாயின் வழுவழுப்பை எடுத்துவிடும். பழம் கனியக் கனிய அந்த டானினே ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு கரையாத நிலைக்குப் போய்விடும். பழத்துக்குள் இருக்கத்தான் இருக்கும், நாக்குக்கு மட்டும் தெரியாது.

இதில் இன்னொரு கண்ணி இருக்கிறது. அதை நான் சம்பளம் கொடுத்துக் கற்றேன். 1986 புரட்டாசி. கோவையில் ஒரு பேக்கரியில் மாஸ்டருக்கு அடுத்த கையாக இருந்தேன். குன்னூர்ப் பக்கம் ஒரு எஸ்டேட் பங்களாவிலிருந்து, பத்துப் பை செய்து அனுப்பச் சொல்லி ஒரு கூடைப் பழம் வந்தது. ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் குழைந்திருந்தது. விரலில் தொட்டு நக்கினால் தேன். சர்க்கரையைக்கூடக் கொஞ்சம் குறைத்துப் போட்டேன். விறகு அடுப்பிலிருந்து எடுத்தபோது பார்வைக்கு அத்தனை லட்சணம். ஓரத்தில் உடைந்த ஒரு துண்டை வாயில் போட்டால், துவர்ப்பு! பழத்தில் இல்லாதது பையில் எங்கிருந்து வந்தது என்று விளங்காமல் கையில் துண்டோடு நின்றேன். பத்தும் மாட்டுத் தொட்டிக்குப் போனது. மாடும் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. மைதாவுக்கும் வெண்ணெய்க்கும் என் வாரக் கூலியில் பிடித்துக்கொண்டார்கள்.

கரையாமல் கிடந்த டானின் சூடு பட்டால் கொஞ்சம் இளகித் திரும்ப வெளியே வரும். அதற்கு மருந்து சமையல் சோடா. ஒரு கப் கூழுக்கு அரை டீஸ்பூன் கலந்து பத்து நிமிடம் வையுங்கள். கூழ் ஜெல்லி மாதிரி இறுகும், நிறமும் மங்கிப் பழுப்பாகும். பயப்பட வேண்டாம், கரண்டியால் நன்றாக அடித்தால் வழிக்கு வந்துவிடும். தட்டைப் பழத்துக்கு இந்தச் சோடா வேண்டியதில்லை.

கனியவைப்பதற்கு நம் வீட்டு அரிசிப் பானை போதும். காம்பு கீழே இருக்கும்படி வைத்து, பக்கத்தில் இரண்டு பூவன் பழத்தைப் போட்டு மூடுங்கள். வாழைப்பழம் விடுகிற எத்திலீன் வாயு வேலையைச் செய்யும். ஐந்து நாளும் ஆகலாம், எட்டு நாளும் ஆகலாம். தோல் கண்ணாடி மாதிரி ஆகி, தண்ணீர் ரொப்பிய பலூனைக் கையில் ஏந்துவது போலத் தோன்றினால் பதம். விருந்தாளி நாளைக்கு வருகிறார் என்றால், முழுப் பழத்தை ராத்திரி முழுக்க ஃப்ரீசரில் உறையவைத்துக் காலையில் வெளியே எடுத்து இளகவிடுங்கள். துவர்ப்பு பெருமளவு போய்விடும். மணம் மட்டும் பானையில் பழுத்தது போல வராது. அப்புறம் குறுக்கே வெட்டி, கரண்டியால் சதையை வழித்து, சல்லடையில் தேய்த்தால் கூழ் தயார்.

“வீடியோ பார்த்துச் செய்தேன் மாஸ்டர். அடி மாவு ஊட்டி வர்க்கி மாதிரி உதிரும் என்று பார்த்தால் சேலத்துத் தட்டுவடை மாதிரி வந்தது. வெண்ணெயை உருக்கி ஊற்றி, சப்பாத்திக்குப் பிசைவது போல நன்றாகத்தான் பிசைந்தேன்.” (கல்லூரி மாணவர், திருப்பூர்)

தம்பி, உருக்கியதும் தப்பு, நன்றாகப் பிசைந்ததும் தப்பு.

பை மாவில் வெண்ணெய் துண்டு துண்டாகவே கிடக்க வேண்டும். ஓவனில் சூடு ஏறும்போது அந்தத் துண்டுகள் உருகி, அதில் இருக்கும் நீர் ஆவியாகி மாவைத் தூக்கும். அந்த இடைவெளிதான் மொறுமொறுப்பு. உருக்கி ஊற்றினால் தூக்க ஒன்றும் இல்லை. சப்பாத்திப் பிசைவில் மாவுக்கு ரப்பர் குணம் வேறு வந்துவிடும்.

பேக்கரியில் பஃப்ஸ் மாவை நாங்கள் விடியற்காலை நாலு மணிக்கு மடிக்க ஆரம்பிப்போம். தூக்கத்தின் மேல் எங்களுக்கு என்ன பகை? வெயில் ஏறினால் கொழுப்பு இளகும், அவ்வளவுதான். சித்திரையில் மாவுப் பலகைக்கு அடியில் ஐஸ் பார் வைத்துக்கூட வேலை செய்திருக்கிறோம். நீங்களும் காலை ஆறு மணிக்குள் மாவு வேலையை முடியுங்கள்.

250 கிராம் மைதா, 125 கிராம் உப்பில்லாத வெண்ணெய், அரை டீஸ்பூன் உப்பு. ஊத்துக்குளி உங்களுக்குப் பக்கம், வெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. கையால் எடுத்த நாட்டு வெண்ணெயாக இருந்தால் மோர் நீர் நிறைய இருக்கும். ஐஸ் தண்ணீரில் போட்டுப் பிசைந்து பிழிந்து, பிறகு ஃப்ரிட்ஜில் இறுகவிடுங்கள். கல் மாதிரி ஆனதும் கேரட் துருவியில் துருவி மைதாவில் விழவிட்டு, விரல் நுனியால் மட்டும் உதிருங்கள். உள்ளங்கை படக் கூடாது, உள்ளங்கைக்குச் சூடு அதிகம். தட்டைப்பயிறு அளவுக்கு வெண்ணெய்த் துணுக்குகள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். ஐஸ் தண்ணீர் நாலைந்து டேபிள்ஸ்பூன் தெளித்துச் சேர்த்துப் பிடித்தால் போதும். வழவழவென்று உருண்டை வந்தால் பிசைவு மிஞ்சிவிட்டது என்று அர்த்தம். ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஓய்வு.

தேய்த்து 9 அங்குலத் தட்டில் பரப்பி, முள்கரண்டியால் குத்தி, மேலே பட்டர் பேப்பர் விரித்துக் கொள்ளை நிரப்புங்கள். கொள் பாரமாக இருந்து மாவு உப்பாமல் பார்த்துக்கொள்ளும். 190 டிகிரியில் 15 நிமிடம், கொள்ளை எடுத்துவிட்டு இன்னும் ஏழு நிமிடம். அந்தக் கொள்ளை ரசத்துக்குப் போட்டுவிடாதீர்கள், டப்பாவில் வைத்தால் அடுத்த பைக்கும் ஆகும். (என் வீட்டில் ஒருமுறை ரசத்துக்குப் போய்விட்டது. எத்தனை விசில் விட்டும் வேகவில்லை.)

“உள்ளே வைக்கும் பூரணத்துக்கு அளவு சொல்லுங்கள். மாமியார் முட்டை சேர்க்க மாட்டார்.” (வாசகி, ஈரோடு)

முதலில் முட்டை சேர்க்கிறவர்களுக்கு. கூழ் ஒன்றரை கப், காய்ச்சி ஆறிய கெட்டிப் பால் ஒரு கப், முட்டை இரண்டு, நாட்டுச்சர்க்கரை அரை கப்பிலிருந்து முக்கால் கப், சிட்டிகை உப்பு, ஒரு டீஸ்பூன் சுக்குப்பொடி, இரண்டு ஏலக்காய். வெள்ளைக்காரர்கள் பட்டையும் ஜாதிக்காயும் போடுவார்கள். எனக்குச் சுக்குதான் பிடிக்கும், இந்தப் பழத்தின் தித்திப்பைச் சுக்கு கொஞ்சம் அதட்டி வைக்கும். சர்க்கரை கவுந்தப்பாடிச் சரக்காக இருந்தால் ரொம்பச் சரி. பழனி பஞ்சாமிர்தத்துக்கே அங்கிருந்துதான் வாங்குகிறார்கள். எல்லாவற்றையும் நுரை எழும்பாமல் கலக்கி, வெந்த மாவுத் தட்டில் ஊற்றி, 180 டிகிரியில் 40 முதல் 45 நிமிடம். தட்டை லேசாக ஆட்டினால் ஓரம் நின்று, நடு மட்டும் கெட்டித் தயிர் மாதிரி அசைய வேண்டும். அப்போதே எடுத்துவிடுங்கள். மீதியை உள்சூடு பார்த்துக்கொள்ளும். நடுவும் கல்லாக நிற்கும் வரை விட்டால் ஆறும்போது வெடிப்பு விழும். மூன்று மணி நேரம் ஆறாமல் கத்தி வைக்காதீர்கள்.

மாமியாருக்கு: முட்டையை விட்டுவிட்டு, நாலு டேபிள்ஸ்பூன் சோளமாவை (கார்ன்ஃப்ளோர்) பாலில் கரைத்து, கூழும் சர்க்கரையும் சேர்த்து அடுப்பிலேயே கெட்டியாகும் வரை கிளறுங்கள். அடி மாவை முன்னதாகவே நன்றாகச் சிவக்க வேகவைத்து, இதை ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள். உண்மையைச் சொன்னால் வெயில் நாளில் எனக்கு இதுதான் இன்னும் பிடிக்கும். மாமியாரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

“எங்களிடம் ஓவன் இல்லை. குக்கரில் மணல் போட்டுச் செய்யலாமா?” (வாசகி, தாராபுரம்)

கேக் வரும். பை வராது. மேலிருந்து சூடு இறங்காததால் அடி கருகி, மேலே வெளுத்து நிற்கும். வீணாக வெண்ணெயைச் செலவழிக்க வேண்டாம் கண்ணு. கூழைச் சர்க்கரையோடு அல்வாப் பதத்துக்குச் சுண்டவைத்து, சோமாஸ் மாதிரி மடித்து எண்ணெயில் பொரித்தெடுங்கள். அதுவும் ஒரு வகைப் பைதான்.

“கரூர்ப் பக்கம் இந்தப் பழத்தை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. வேறு எதில் செய்யலாம்?” (வாசகர், கரூர்)

அரசாணிக்காயில் (மஞ்சள் பூசணி) செய்யுங்கள். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு செய்கிற பை அதுதான். நல்ல முற்றிய அரசாணியாக வாங்கி, தண்ணீர் விடாமல் ஆவியில் வேகவைத்து, துணியில் கட்டி நீரை வடித்துவிட்டு மசித்தால் பெர்சிமன் கூழுக்குப் பக்கத்தில் வரும். சர்க்கரை ஒரு கை அதிகம், சோடா வேண்டாம். பெர்சிமனே வேண்டும் என்றால் ஆடி முதல் புரட்டாசி வரை குன்னூர்ப் பழம். ஐப்பசிக்கு மேல் இமாச்சலத்துப் பழம் கோவை, ஈரோடு பெரிய பழக்கடைகளில் தலைகாட்டும். இமாச்சலத்தில் அதற்கு ‘ஜப்பானி பழம்’ என்றே பெயர்.

“பெர்சிமனுக்குத் தமிழ்ப் பெயர் உண்டா? பை என்றால் என் பேரன் மஞ்சப்பையை எடுத்து வருகிறான்.” (ஓய்வுபெற்ற தமிழாசிரியர், நாமக்கல்)

பேரன் பேரில் தப்பில்லை ஐயா. இந்தப் பழம் சீனத்துச் சொத்து, நமக்குப் பின்னால் வந்தது. ஆனால் உறவுக்காரர்கள் நம் மண்ணிலேயே இருக்கிறார்கள். பனிச்சை இதன் பங்காளி. பனிச்சங்காயின் பாலை மீன்வலைக்கும் தோணிக்கும் பூசுவார்கள், அதிலும் வேலை செய்வது இந்த டானின்தான். கருங்காலி இன்னொரு பங்காளி. இப்போது பாதிப் பேர் கழுத்தில் கருங்காலி மாலை தொங்குகிறதே, அவர்கள் பெர்சிமன் தின்றால் சொந்தக்காரரைத் தின்ற கணக்கு. பெர்சிமன் என்ற சொல் அமெரிக்கப் பழங்குடிகளின் பவ்ஹாட்டன் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போனது. அவர்கள் காட்டில் தனியாக ஒரு சின்னப் பெர்சிமன் உண்டு. இந்தியானா மாநிலத்தில் மிட்செல் என்ற ஊரில் அதற்காகவே ஆண்டுதோறும் திருவிழா எடுக்கிறார்கள். சீமைப் பனிச்சை என்று நீங்கள் எழுதினால் நான் ஆட்சேபிக்க மாட்டேன். கடையில் அப்படிக் கேட்டால் மட்டும் கிடைக்காது.

“வெறும் வயிற்றில் சாப்பிட்டால் வயிற்றில் கல் உண்டாகும் என்கிறார்களே?” (வாசகி, அவிநாசி)

துவர்ப்புப் போகாத பழத்தை நிறையத் தின்றால் உண்டாவது நிஜம். அந்த டானின் வயிற்று அமிலத்தில் திரண்டு, நாரோடு சேர்ந்து கட்டியாகும். இரைப்பையில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொட வேண்டாம். மற்றவர்கள் நன்றாகக் குழைந்த பழத்தில், சாப்பாட்டுக்கு அப்புறம் ஒரு துண்டு பை சாப்பிட்டால் பயமில்லை. சர்க்கரை நோய் இருந்தால் அந்த ஒரு துண்டிலும் பாதி.

“சென்னையில் இருக்கும் மகளுக்கு ராத்திரி பஸ்ஸில் பை கொடுத்து அனுப்பலாமா?” (வாசகி, பொள்ளாச்சி)

வேண்டாம் அம்மணி. முட்டையும் பாலும் சேர்ந்தது, வெளியே வைத்தால் இரண்டு மணி நேரம்தான், ஃப்ரிட்ஜில் மூன்று நாள். சங்ககிரி தாண்டுவதற்குள் அடி மாவு ஊறிச் சொதசொதத்துவிடும். கூழை மட்டும் டப்பாவில் அடைத்துக் கட்டியாக உறையவையுங்கள். அந்த டப்பாவை ஐஸ் கட்டிகளோடு தெர்மாகோல் பெட்டியில் வைத்து அனுப்பினால் சேரும். சோடாவை அங்கே போய்க் கலக்கச் சொல்லுங்கள். மகள் வீட்டில் ஓவன் இருக்கிறதா என்று எழுதவில்லையே. இல்லையென்றால் தாராபுரத்துக்காரருக்குச் சொன்ன சோமாஸ்தான்.